தாடியும் முள்ளுக்கம்பியும்



எங்கள் நிலையத்தின் சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். ஹாட்வெயார் கடையில் பில் எழுதும் வேலை. போன மாதம் ஒரு நாள் கொப்பியை நீட்டினார்.

"பிள்ளை, முள்ளுக்கம்பிக்கு பில்லில 'பார்ப்ட் வயர்' எண்டு எழுதுறம். பக்கத்துக் கடைப் பலகையில 'பார்பர்' எண்டு கிடக்கு. ரெண்டுக்கும் என்ன சொந்தம்?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் விடை தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன்.

சொந்தம் உண்டு. இரண்டுமே தாடியில் பிறந்தவை! இலத்தீனில் தாடி 'பார்பா'. தாடி வழிப்பவர் பார்பர். தாடிமயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளும் பிரெஞ்சு வழியாக 'பார்ப்' ஆயிற்று. 1874இல் அமெரிக்காவின் இலினோய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்ளுக்கம்பி உலகெங்கும் பரவியது. சொல்லும் கூடவே போயிற்று.

பார்பாவுக்கும் ஒரு பாட்டி உண்டு. தாடியை ஆங்கிலத்தில் 'பியர்ட்', ஜேர்மன் மொழியில் 'பார்ட்', ரஷ்ய மொழியில் 'பரதா', லித்துவேனிய மொழியில் 'பர்ஸ்தா' என்பார்கள். இவற்றை ஒப்பிட்ட மொழியியலாளர், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தோ-ஐரோப்பிய மொழி பேசியவர்களிடம் 'பர்தா' போன்ற ஒரு சொல் இருந்ததாகக் கணிக்கிறார்கள். (முஸ்லிம் சகோதரிகளின் பர்தா வேறு, அது பாரசீகச் சொல்.) எந்த ஏட்டிலும் கல்லிலும் கிடைக்காத சொல் என்பதால் அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அதே குடும்பத்து மொழியான சமஸ்கிருதத்தில் தாடி 'ச்மச்ரு'. அதற்கு வேர் வேறு. எங்கள் மீசைக்கு இந்தக் குடும்பத்தோடு உறவே இல்லை. 'மீ' என்றால் மேல்.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அக்கா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 2009இல் ஏழு மாதம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர். வெளியே வந்து நின்ற தம்பியின் கையைப் பிடிக்கப்போய்க் கிழிந்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது.

"தாடி எண்டு பேர் வைச்சவை அதை வெளியில நிண்டுதான் பார்த்திருப்பினம்" என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்காதான் கொப்பியைத் திறந்தார்.

"சரி, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ பிள்ளை. போன முறை பிழையா எழுதி முதலாளி ஏசினவர்."