ஆலமரத்தடியில உக்காரச் சொல்லுங்க

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல இருந்து நடக்குது. காசு வாங்காம எழுதுறாங்க, அதுக்கு ஒரு கும்பிடு. அங்க கூடிப் பேசுற பக்கத்துக்குப் பேரு ஆலமரத்தடி. எழுதிப் பழக மணல்தொட்டி. பேரெல்லாம் ஊர்ப்பேருதான். ஆனா புதுசா ஒருத்தர் தன் ஊரைப் பத்தி நாலு வரி எழுதினதும் "சான்று இல்லை"ன்னு அட்டையை ஒட்டிட்டுப் போறது என்ன உபசாரம்?

சான்று கேக்குறது நியாயம். நெய்வேலி சுரங்கத்துக்குள்ள போன ஊரோட ஏரிக்கரையும் கோயிலும் எந்தப் புத்தகத்துலங்க இருக்கும்? அங்க பொறந்தவர் வாயிலதான் இருக்கு. நாத்து எது, களை எதுன்னு தெரியறதுக்குள்ள பிடுங்குறாங்க. "ஐயா, 1906-ல வந்த தென்னாற்காடு கெசட்டியர், பழைய சென்சஸ் புத்தகம் ரெண்டுலயும் உங்க ஊர்ப்பேரைத் தேடிப் பாருங்க"ன்னு ஒரு வரி போட்டா, மனுஷன் கடலூர் நூலகத்துக்கே பஸ் ஏறிடுவாரு.