மாண்டோர் ஜாபிதா

இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிச் சக இதழொன்று சென்ற மாதம் வெளியிட்ட விசேஷப் பகுதியில், போரில் மடிந்தவர்களின் தொகையையும் பெயர்களையும் தேடி அலைவது குமாஸ்தா வேலை என்றும், இலக்கியத்துக்கு வேண்டியது அவர்களுடைய தியாகத்தின் உணர்ச்சி மாத்திரமே என்றும் ஓர் அபிப்பிராயம் சர்வ நிச்சயமாகப் பிரஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது. தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வியாபாரத்துக்கும், உள்நாட்டுக் கரிசல் கிராமங்களிலிருந்து பால்மரம் வெட்டவும் அக்கரைச் சீமைக்குக் கப்பலேறிய குடும்பங்களின் நடுவிலிருந்து வெளிவருகிற இவ்விதழ், அதை வாசித்துவிட்டு மௌனம் சாதிக்க இயலாது.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றபின், மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள்; பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். மறு வருஷம் இம்பால் முற்றுகை முறிந்து, மழைக்காலத்துப் பர்மாக் காடுகளின் வழியே பின்வாங்கியபோது, குண்டுக்கும் பசிக்கும் மலேரியாவுக்கும் சீதபேதிக்கும் இரையானவர்கள் எத்தனை பேர்? மேடைகளில் 26,000 என்று முழங்குகிறார்கள். மொத்தப் படையே சுமார் 40,000 என்பது பொதுவான கணக்காயிருக்க, அவர்களில் ஒரு பகுதியினரே போர்முனை கண்டிருக்க, இந்தத் தொகை எந்த ஆதாரத்தின்மேல் நிற்கிறது என்று கேட்பது தியாகத்தைச் சந்தேகிப்பதாகாது. மடிந்த ஒவ்வொருவனையும் தனி மனிதனாக மதிப்பதே ஆகும்.

பதில் தேட இடமில்லாமலும் இல்லை. பாதுகாப்பு அமைச்சின் சரித்திரப் பிரிவில், பிரதுல் சந்திர குப்தா என்னும் சரித்திராசிரியரின் பொறுப்பில், அப்படையின் வரலாறு 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தொகுத்து முடிக்கப்பட்டுவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பிரஜைகள் அதைக் கேட்டார்கள். கொடுக்கும்படி தகவல் ஆணையம் சொல்லியும் அமைச்சு இணங்காமல் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. பிறகு தானே வெளியிடுவதாக வாக்களித்தது. வாக்களித்துப் பல்லாண்டுகள் ஆகியும் அந்த ஏடு வாசகன் கைக்கு வந்து சேரவில்லை. 1945 ஜூலையில் மடிந்த வீரர்களுக்காக போஸ் அஸ்திவாரமிட்டுச் சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுந்த நினைவுக் கல்லை, திரும்பி வந்த ஆங்கிலப் படை இரண்டே மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தது. அந்நிய ஆட்சியின் செயலாகையால் அது நமக்கு விளங்குகிறது. சுதந்திர சர்க்காரின் அலமாரி ஏன் பூட்டியிருக்கிறது என்பது விளங்கவில்லை.

2005ஆம் ஆண்டின் அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவு, 20 ஆண்டு கடந்த சம்பவங்களைப் பற்றிய விவரங்களைத் தரவேண்டும் என்று ஒரு கையால் வழங்கி, தேசப் பாதுகாப்பைச் சொல்லும் முதல் விலக்கு உள்ளிட்ட மூன்று விலக்குகள் மட்டும் எத்தனை ஆண்டானாலும் காலாவதியாகா என்று மறு கையால் பறித்துக்கொள்கிறது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைக் குல்தீப் நய்யார் கேட்டபோது அமைச்சு மறுத்தது; 2010இல் ஆணையமே அம்மறுப்பை அங்கீகரித்தது. மாண்டோர் 1,383, காணாமற்போனோர் 1,696 என்று சர்க்காரே சொல்லும் ஒரு போர் நடந்த விதத்தை ஐம்பதாண்டை நெருங்கிய பின்னும் பிரஜை அறியலாகாது என்பது எத்தகைய பாதுகாப்பு? பெயர் சொன்னால் சேனையின் தைரியம் குன்றும் என்று யாரேனும் வாதித்தால், சீனத் துருப்புகளுடன் மோதல் நடந்த கல்வானை நினைவூட்டுகிறோம். 2020 ஜூன் 15 அன்று அங்கே மடிந்த 20 பேரின் பெயர்களையும் நம் சர்க்கார் வெளியிட்டது. அவர்களில் ஒருவர் நம் ஜில்லாவின் கடுக்கலூர் பழனி. தன் பக்கத்தில் மடிந்தவர் நால்வர் என்று சீனா சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. இவ்விரண்டில் எந்தச் சேனை தன் வீரரை மதித்தது?

இனி இலக்கியத்தின் விஷயம். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று ஒரு கல் நாட்டும் கிரமத்தையே காதைகளின் வரிசையாகக் கொண்டு நடப்பதை எத்தனை முறை படித்தாலும் நமக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை. தேனி ஜில்லாப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, ஈராயிரம் ஆண்டுக்கு முன் கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மடிந்தவன் பேடு என்னும் ஊரின் தீயன் அந்தவன் என்று பெயரும் ஊரும் சொல்கிறது. உணர்ச்சிப் பெருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெயர் இருப்பதாலேயே நெஞ்சு கரைகிறது. அதை வெட்டியவனைக் குமாஸ்தா என்று சொல்ல நம் விமர்சகர்களுக்கு மனம் வருமா? உருவத்தையும் ரசனையையும் பற்றி நாற்பதாண்டாக விவாதித்து, ஆதாரத்தைத் தேடும் உழைப்பை இலக்கியத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்கிய நம் பழக்கமே, அலமாரியைப் பூட்டி வைக்கும் அதிகாரிக்கு இன்று துணை நிற்கிறது.

1972இல் தியாகிகளுக்கு மத்திய சர்க்கார் ஓய்வூதியம் ஏற்படுத்தியபோது, விதவைகளிடம் அத்தாட்சி கேட்டார்கள். கணவன் எந்தக் காட்டில் விழுந்தான் என்றே அறியாத ஸ்திரீ எந்த அத்தாட்சியைக் காட்டுவாள்? அமைச்சு அந்த ஏட்டையும், அதற்கு ஆதாரமான தஸ்தாவேஜுகளையும் அச்சிட்டு வெளியிடவேண்டும். நம் பங்குக்கு, மலேயா சென்று போருக்குப்பின் திரும்பாதவர்களின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கப்பலேறிய வருஷம் ஆகியவற்றை வாசகர்கள் எழுதியனுப்பினால் அடுத்த இதழிலிருந்து பிரசுரிப்போம். அதன் பொருட்டுக் கதைகளும் கவிதைகளும் இடமின்றிக் காத்திருக்க நேர்ந்தால் காத்திருக்கட்டும்.