சாமிகிட்ட டவுட் கேட்கலாமா?

கிளாஸ்ல கையைத் தூக்கி "சார், டவுட்!"னு சொன்னா பாதி வாத்தியாருங்களுக்கு முகம் மாறிடும். மீதிப் பேர் "சிலபஸ்ல இல்லப்பா"னு முடிச்சிடுவாங்க. சர்ச்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். "விசுவாசமா இரு, எல்லாம் சரியாகும்." அவ்வளவுதான் பதில். இத்தனைக்கும் நம்ம ஊருக்கு வந்ததா மரபு சொல்ற அப்போஸ்தலர் யாருன்னு பாருங்க... தோமா! இயேசுவோட காயத்தைத் தொட்டுப் பார்த்தாதான் நம்புவேன்னு அடம்பிடிச்ச அதே பார்ட்டி. அவரைச் சாமி ஒண்ணும் கிளாஸை விட்டு வெளியே அனுப்பலை. சென்னையில ஒரு மலைக்கே அவர் பேரு இருக்கு.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் காலேஜ் பசங்க செமஸ்டருக்கு முன்னாடி வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறுறது சகஜம். மதமெல்லாம் கணக்கே இல்லை, அரியர் வெச்சிருக்கிற எல்லாருமே மெழுகுவத்தி வாங்குவாங்க. 'பாஸ் ஆவேனா?' - அது சின்ன டவுட். பெரிய டவுட்டும் அதே ஊர்லதான் இருக்கு, கடற்கரைப் பக்கம்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. திருநாளுக்கு வந்த கூட்டம் கடற்கரையிலயும் கடைத்தெருவிலயும் நின்ன நேரத்துல சுனாமி வந்துச்சு. நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. வேளாங்கண்ணியில இறந்தவங்கள்ல நிறையப் பேர் மாதாவைப் பார்க்கன்னே வெளியூர்ல இருந்து வந்தவங்க. பசிலிக்காவுக்குள்ள தண்ணி நுழையலைங்கிறதைப் புதுமைன்னு சொல்றவங்க இன்னிக்கும் இருக்காங்க. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கலை. கோயிலைக் காப்பாத்தின கை, கொஞ்ச தூரம் தள்ளி மணல்ல விளையாடின குழந்தையை ஏன் பிடிக்கலைன்னு அடுத்த செகண்டே கேள்வி வருமே! அதுவும் அந்தக் கோயிலே, புயல்ல பிழைச்சுக் கரை சேர்ந்த போர்ச்சுகீசிய மாலுமிங்க நன்றிக்கடனா கட்டினதுன்னுதான் கதை.

அந்தப் போர்ச்சுகல்லயும் இதே கேள்வி வந்திருக்கு. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். லிஸ்பன்ல சர்ச்செல்லாம் நிரம்பி இருந்த காலை வேளையில பூகம்பம். பின்னாலேயே சுனாமி, தீ. 'எல்லாம் நன்மைக்கே'ன்னு தத்துவம் பேசினவங்களை வால்டேர் வாரு வாருனு வாரினார். முதல்ல ஒரு கவிதை, அப்புறம் 1759-ல 'கேண்டீட்'.

வால்டேர் இருக்கட்டும். என் கிளாஸ்மேட் ஒருத்தன் கேட்ட கேள்விக்கு எந்தப் புத்தகத்துலயும் பதில் தேட முடியலை. சுனாமியில பிள்ளைகளைப் பறிகொடுத்த, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருந்த அம்மாக்களுக்கு, கருக்குழாயைத் திரும்ப இணைக்கிற ஆபரேஷன் அரசு செலவுல நடந்துச்சு. அப்படிப் பிறந்தவன் இவன். நாகைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம், மீனவக் குடும்பம். பார்க்காத அக்காவோட போட்டோ வீட்டுல மாலையோட இருக்கு. "அக்கா இருந்திருந்தா நான் இல்லைடா. என்னைக் கொடுத்ததுக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னா, அலைக்கும் சேர்த்து நன்றி சொன்ன மாதிரி ஆகாதா?"

ஹாஸ்டல் மொட்டைமாடியில இருந்த நாலு பேரும் கப்சிப்.

இவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவான். 'விசுவசிக்கிறேன்'னு எல்லாரும் சொல்ற இடத்துல மட்டும் வாயைத் திறக்க மாட்டான். நடிக்கிறான்னு சில பேர் கிண்டல் பண்ணாங்க. எனக்கு அப்படித் தோணலை. அன்னை தெரசா எழுதின கடிதங்கள் 2007-ல புத்தகமா வந்தப்போ உலகமே திகைச்சுது. கிட்டத்தட்ட அம்பது வருஷம் கடவுள் பக்கத்துல இருக்கிற உணர்வே இல்லாம, உள்ளுக்குள்ள இருட்டோடதான் அவங்க கொல்கத்தா தெருவுல ஆட்களைத் தூக்கி எடுத்திருக்காங்க. அந்தக் கடிதங்கள் வெளியானதுக்கு அப்புறமும், 2016-ல சர்ச் அவங்களைப் புனிதர்னு அறிவிச்சுது.

இவன் அம்மா தினமும் ஜெபமாலை சொல்றவங்க. ஒருநாள், "இன்னும் எப்படிம்மா நம்புறே?"னு கேட்டுட்டானாம். மீன் கூடையைக் கழுவிக்கிட்டே சொன்னாங்களாம்... "நம்புறேன்னு யாருடா சொன்னா? சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். ஆளே இல்லேன்னா யாருகூட சண்டை போடுறது?"

அலை வடிஞ்ச அந்த நாட்கள்ல நாகையில பிணங்களை எடுத்து அடக்கம் பண்ண முன்னால நின்னவங்கள்ல த.மு.மு.க.வோட முஸ்லிம் இளைஞர்களும் உண்டு. செத்தவங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாங்கன்னு பார்த்துட்டா தூக்கினாங்க? அதனால, ஜெபத்துல அந்தப் பசங்களையும் அம்மா விடுறதே இல்லையாம். இந்த விஷயத்துல மட்டும் கடவுள்கூட அவங்களுக்குச் சண்டை இல்லை!

வருஷா வருஷம் ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில கொடி ஏறும். அதுக்கு முன்னாடியே தஞ்சாவூர் - திருவாரூர் ரோட்டுல காவி டிரெஸ் போட்ட கூட்டம் மாதா சப்பரத்தைத் தள்ளிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிடும். ரெண்டு பக்கமும் வயல், கால்ல கொப்புளம், வழியெல்லாம் மோர்ப்பந்தல். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. போன வருஷம் இவனும் நடந்தான். "சாமி கும்பிட்டியாடா?"னு கேட்டேன். "அம்மா கேள்வியையும் என் கேள்வியையும் சேர்த்துக் கேட்டுட்டு வந்தேன்"னான்.

இந்தத் தடவையும் போறானாம். அட்டெண்டன்ஸ் 75 பர்சென்ட் தாண்டுமான்னு இப்பவே கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்துட்டான்.