பதினைந்தரை மணி நேரம் என்கிற பொய்

இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும், தூரம் வந்துவிடும். சென்னை - சான்ஃபிரான்சிஸ்கோ சுமார் 13,900 கிலோமீட்டர். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. அதை 900-ஆல் வகுத்து, "பயண நேரம் பதினைந்தரை மணி" என்று கூசாமல் போடுகிற தளங்கள் எத்தனை!

தூரத்தில் தப்பில்லை. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போகிற பள்ளிப் பிள்ளையிடம் ஓர் உலக உருண்டையும் நூலும் கொடுத்தால் காட்டிவிடும். நூலை இழுத்துப் பிடித்தால் அது சீனா, மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா வழியாகப் போகும். ஆனால் சென்னையிலிருந்து அந்த நூல் மேல் பறக்கிற பயணி விமானம் ஒன்றுகூட இல்லையே! பெங்களூருக்காவது 2021 ஜனவரியில் ஏர் இந்தியா நேரடி விமானம் விட்டது. சென்னைக்காரர் எங்காவது இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். துபாய் வழி என்றால் தூரமே கிட்டத்தட்ட 16,000 கிலோமீட்டர். பறப்பது மட்டும் 20 மணி நேரம். காத்திருப்பு தனி.

இதற்கு நடுவே வானத்திலும் கேட்டைப் பூட்டுகிறார்கள். 2022-இல் ரஷ்யா, ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வான்வழியை மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா கிளம்பிய ஏர் இந்தியா விமானங்கள் சில, வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போயின. இதெல்லாம் 900-ஆல் வகுக்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது?

"தோராயமாகச் சொல்வதுதானே, இதில் என்ன குடிமுழுகிவிட்டது?" என்று கேட்கலாம். கோட்டூர்புரத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் கேட்டால் சொல்வார்கள். அப்பா போய்விட்டார். ஐஸ் பெட்டி வந்தாயிற்று. "எப்ப எடுக்கறீங்க?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். உறவில் ஒருவர் செல்போனைப் பார்த்து, "பதினஞ்சு மணி நேரம்தான், நாளைக்குக் காலையில பையன் வந்துடுவான்" என்கிறார். வாத்தியாருக்கும் மின்மயானத்துக்கும் அந்தக் கணக்கில் நேரம் சொல்லியாகிறது.

பையனுக்கோ செவ்வாய் மாலை 4 மணி விமானத்தில்தான் இடம் கிடைக்கிறது. அப்போது சென்னையில் புதன் விடியற்காலை. இடையில் நாலு மணி நேரக் காத்திருப்பு என்றால், மீனம்பாக்கத்தில் இறங்கும்போது வியாழன் விடியற்காலை. அப்புறம் குடிநுழைவு வரிசை, பெட்டி, டாக்ஸி. புதன் மதியமே எடுத்துவிட்ட வீட்டுக்கு அவன் எதற்கு ஓடி வரவேண்டும்?

தோராயம் என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இந்தத் தோராயம் எப்போதும் குறைத்துத்தான் சொல்கிறது. பயண நேரம் என்ற பெயரில் அந்த எண்ணைப் போடுவதை அவர்கள் நிறுத்தவேண்டும். நிறுத்தாதவரை, பையனிடம் கேட்கவேண்டியது எத்தனை மணி நேரம் என்று அல்ல. மீனம்பாக்கத்தில் நம்மூர் நேரப்படி என்ன கிழமை, எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று. வாத்தியாருக்கு அதற்கப்புறம் போன் போடட்டும்.