கப்பு மட்டும் வேணும், களம் வேணாமா?

2019 மே 23 என்ன நாள்னு கேட்டா எல்லாரும் சொல்லிடுவாங்க. நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணுன நாள். அதுக்கு முதல் நாள் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. தெரியாது.

மே 22 பஞ்சாப்ல, லூதியானாவுல, மதுரை சேது எஃப்.சி. பெண்கள் அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 அடிச்சு இந்திய மகளிர் லீக் கோப்பையை வாங்குச்சு. தமிழ்நாட்டு கிளப் ஒண்ணு அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் டிவியில யாரு எத்தனை லட்சம் ஓட்டு வித்தியாசம்னுதான் ஓடுச்சு. நானும் அதைத்தான் பார்த்தேன். அஞ்சு மாசம் கழிச்சு தீபாவளிக்கு பிகில் படம் வந்துச்சு. பொண்ணுங்க பந்து விளையாடி ஜெயிக்கிற கதை. கும்பகோணம் தியேட்டர்ல விசில் காதைப் பொளந்துச்சு. நிஜமா ஜெயிச்ச பொண்ணுங்க பேரு அங்க விசிலடிச்ச ஒருத்தருக்கும் தெரியாது.

பட்டணத்துல இருக்கற சொந்தக்காரங்க, படிச்சவங்க, ஊருக்கு வந்தா ஒண்ணு சொல்லுவாங்க: "கிராமத்துல பொம்பளைப் பிள்ளைங்கள எங்க விளையாட விடுறீங்க, மனசு மாறணும்." மனசு கொஞ்சம் மாறணும்தான், ஒத்துக்கறேன். ஆனா மனசு மாறிட்டா மட்டும் பந்து உருண்டுடாது. அதுக்கு மண்ணு வேணும்.

சேது எப்படி ஜெயிச்சுது? 2016ல ஆரம்பிச்ச கிளப். பின்னாடி ஒரு கல்லூரி நிர்வாகம் இருந்துச்சு. தங்க இடம், சாப்பாடு, மைதானம், பயிற்சியாளர் எல்லாம் இருந்துச்சு. மணிப்பூர்ப் பிள்ளைங்க வந்து ஆடினாங்க, நேபாளத்து சபித்ரா பண்டாரி ஆடுச்சு. "அப்போ அது தமிழ்நாட்டு அணியா?"ன்னு என் மச்சான் மடக்குனாரு. மணிப்பூர்ல தெருவுக்குத் தெரு கிளப்பு, மைதானம் இருக்கு, அதனால அங்கேயிருந்து பிள்ளைங்க வருது மச்சான், நம்ம ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டாரு.

நம்ம பிள்ளைங்களும் சளைச்சவங்க இல்லை. 2018ல கட்டாக்ல நடந்த தேசியப் போட்டியில தமிழ்நாட்டுப் பொண்ணுங்க அதே மணிப்பூரை 2-1 அடிச்சு சாம்பியன் ஆனாங்க. 2023ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை 2-1 அடிச்சு மறுபடியும். அந்த இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பொண்ணு, சேதுவுக்கும் ஆடியிருக்கு. கடலூர்ல மாரியப்பன்னு ஒரு பயிற்சியாளர் பிள்ளைங்களைச் சேர்த்து வச்சு வளர்த்தாரு. சுனாமியில குடும்பத்தைப் பறிகொடுத்த பிள்ளைங்களும் அதுல உண்டு. அவங்களுக்கும் ஒரு இடம் இருந்துச்சு, சாயந்திரமானா போய் ஓட.

2022 மே மாசம் புவனேஸ்வர்ல சேதுவும் கோகுலம் கேரளாவும் ஆளுக்குப் பத்து ஆட்டம் ஆடி, பத்தையும் ஜெயிச்சுட்டு கடைசி ஆட்டத்துல மோதுனாங்க. முதல் கோல் சேது போட்டுச்சு. கடைசியில 1-3 தோத்துச்சு. தோத்தாலும் என்ன ஆட்டம்! இதையாவது நம்ம டீக்கடையில யாராவது பேசினாங்களா? கிரிக்கெட்ல டாஸ் தோத்ததுக்கு அரை நாள் பேசுறோம்.

இப்ப என் கதைக்கு வர்றேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

எங்க ஊர் குடவாசலுக்குப் பக்கம். ஊர்ப் பொதுவுல ஒரு திடல் இருக்கு. என் தம்பி மகளும் இன்னும் பதிமூணு பிள்ளைங்களும் ரெண்டு வருஷமா அங்க பந்து விளையாடுதுங்க. போலீஸ் வேலைக்குத் தயாராகுற பையன் ஒருத்தன் சொல்லிக் கொடுக்கிறான். பந்து ஒண்ணுதான். வயல்ல ஆடலாமேன்னு கேப்பீங்க. சம்பா அறுக்கறதுக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சிடறோம். உளுந்து எடுத்து முடிஞ்சா சித்திரை வெயில்ல மண்ணு கை நுழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும், கால் மாட்டுனா கணுக்கால் போச்சு. ஆனியில குறுவைக்குத் தண்ணி வந்துடும். ஆக, அந்தத் திடலை விட்டா வேற கதி இல்லை.

போன தை அறுப்புல கொள்முதல் நிலையத்துல நெல்லு கொட்ட இடம் இல்லை. எல்லாரும் திடல்ல கொட்டுனோம். என் எட்டு மா நெல்லு, நூத்தி இருபது சிப்பம், பதினெட்டு நாள் அங்கதான் தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு. நான் ராத்திரிக் காவலுக்குப் படுத்திருந்தேன். பிள்ளைங்க தினம் சாயந்திரம் வந்து ஓரமா நின்னு பார்த்துட்டுப் போயிடும். ஒரு நாள் தம்பி மக கேட்டுச்சு, "பெரியப்பா, உங்க நெல்லு எப்ப போகும்?" எனக்குக் கோவம் வந்துடுச்சு. "நெல்லு இருந்தாத்தான் சோறு, போய்ப் படி"ன்னு விரட்டிட்டேன்.

அதுக்கப்புறந்தான் ஒரு விஷயம் படிச்சேன். 1920 டிசம்பர் 26 இங்கிலாந்துல, லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்துல, டிக் கெர் லேடீஸ்னு தொழிற்சாலைப் பொண்ணுங்க அணி ஆடுனதைப் பார்க்க 53,000 பேர் வந்தாங்களாம். மறு வருஷமே கால்பந்து சங்கம் இந்த ஆட்டம் பொம்பளைங்களுக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணுச்சு. பண்ணுனது என்ன தெரியுமா? ஆடாதேன்னு சொல்லலை. சங்கத்துல இருக்கற கிளப்பு எதுவும் பொம்பளைங்களுக்கு மைதானம் தரக்கூடாதுன்னுச்சு. அவ்வளவுதான். ஏறக்குறைய ஐம்பது வருஷம் எந்திரிக்க முடியலை.

தடை போட வேணாங்க, இடத்தை எடுத்துட்டாப் போதும். திடல்ல நெல்லைக் கொட்டி நான் பண்ணுனதும் அதேதான்.

ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. காலையில ஆறு மணிக்கு சேத்துல இறங்கி மதியம் வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிராம நடவு நடறது யாரு? அப்போ மட்டும் உடம்பு தாங்குமா? ஒண்ணரை மணி நேரம் நிமிர்ந்து ஓடுனா தாங்காதா?

இப்போ அந்தத் திடல்ல சிமெண்ட் களமும் நெல் கொட்டகையும் கட்டணும்னு பேச்சு. களம் எங்களுக்கு அவசியம், இல்லைங்கல. நனைஞ்ச நெல்லை ஈரப்பதம் 17க்கு மேல இருக்குன்னு திருப்பி அனுப்பும்போது வயிறு எரியுது. அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டவன். ஆனா ஆத்தங்கரையோரம் புறம்போக்கு கிடக்கு. பள்ளம்தான். மண்ணடிச்சு மேடாக்கி, லாரி போக வழி போட்டா அங்கேயே களம் கட்டலாம். செலவு கூட ஆகும், அதான் யாரும் பேச மாட்டேங்கறாங்க. திடல்னா மேடா இருக்கு, கேட்க ஆள் இல்லை. பதினாலு பிள்ளைங்க, ஒண்ணுக்கும் ஓட்டு இல்லை.

வர்ற மே 1 கிராம சபையில என் கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டு, களத்தை ஆத்தங்கரைக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போறேன். "சொந்த நெல்லுக்கே துரோகம் பண்றியா"ன்னு ரெண்டு பேர் இப்பவே பேசறதை நிறுத்திட்டாங்க. பேசாம இருக்கட்டும்.

ஊரை விட்டுப் போய் சென்னையில, பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் கும்பாபிஷேகம்னா கேக்காமலே பணம் அனுப்புறீங்க. நல்ல காரியம். பள்ளத்துல அடிக்க நூறு லோடு மண்ணு வேணும், அதையும் கோயில் காரியமா நினைச்சுக்கங்க. மே 1 ஊர்ல இருந்தா சபைக்கு வாங்க. வர முடியலைன்னா அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஒரு போன் போட்டு, போய்க் கை தூக்கச் சொல்லுங்க. எங்க பிள்ளைங்க ஏதாவது கப்பு வாங்குனதுக்கு அப்புறம் கை தட்டிக்கலாம்.

தம்பி மககிட்ட இன்னும் பதில் சொல்லலை. மே 1 முடிஞ்சு சொல்றேன்.