ரிட்டயர் ஆகி எந்தத் தெருவுக்குப் போவது?

பொதிகை எக்ஸ்பிரசில் சென்னையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் வந்து போகிற நம் தோழர்கள் சிலரிடம் ஒரு பேச்சு அடிபடுகிறது: “நாப்பத்தஞ்சுல வேலைய விட்ரணும்ணே. அதுக்கப்புறம் எவனுக்கும் கைகட்டி நிக்க வேண்டாம்.” கேட்க நல்லாத்தான் இருக்கிறது. காலமெல்லாம் கைகட்டி நின்றவர்களின் பேரன் அப்படி ஆசைப்படுவதில் தப்பென்ன?

கணக்கும் கையில் வைத்திருக்கிறார்கள். வருசச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதுமாம். 1994-இல் அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்பவர் அந்நாட்டுப் பங்குச்சந்தை வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து வந்தது இது. முதல் வருசம் 4 சதவீதம் எடு, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொள், 30 வருசம் தாங்கும் என்றார் அவர். நாற்பத்தைந்தில் வேலையை விட்டவன் எண்பது வயது வரை இருந்தால்? அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சி கல்யாணம், தம்பியின் காலேஜ் பீஸ் எல்லாம் அந்த அமெரிக்கக் கணக்கில் எந்த வரியில் வரும்? நம் வீடுகளில் முதல் சம்பளக்காரன் சம்பளம் அவன் ஒருத்தனுக்கானதாக என்றைக்கு இருந்தது?

சென்னையில் மாசம் 50,000 செலவென்றால் ஒன்றரைக் கோடி வேண்டும். மலைப்பாக இருக்கிறதா, சொந்த ஊருக்கே போய்விடு, 20,000 போதும், 60 லட்சத்தில் காரியம் முடிந்தது என்கிறார்கள்.

ஊர் மலிவுதான். யாருக்கு?

கூட வேலை பார்க்கிற சாதி இந்து நண்பருக்கு ஊரில் அப்பா வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. நமக்கு சேரியில் அண்ணன் தம்பி மூணு பேருக்கும் சேர்த்து ரெண்டு ரூம். சரி, டவுனில் வாடகைக்குப் பார்ப்போம் என்று போனால் அட்வான்சுக்கு முன்னால் வருகிற கேள்வி, “நீங்க என்ன ஆளுக?” 60 லட்சம் வைத்திருப்பவனிடமும் அதே கேள்விதான். இது விருதுநகர் மாவட்டம், தோழர்களே. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததையே பொறுக்காமல் கலவரம் நடந்தது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பெருமை பேசியவர்களை அம்பேத்கர் ஏன் அப்படிச் சாடினார் என்று இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சென்னை ஒன்றும் சொர்க்கமில்லை. ‘வெஜிடேரியன் மட்டும்’ போர்டு அங்கேயும் தொங்குகிறது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நம் தாத்தா பெயர் தெரியாது. அங்கே கொடுக்கிற வாடகையில் பாதி அந்தத் தெரியாமைக்குத்தான்.

ஊரைவிட்டே போகாதவர்களுக்கும் ‘சீக்கிர ஓய்வு’ உண்டு. ராஜபாளையம் நூல் மில்லில் 10 வருசம் பி.எஃப். கட்டியவர் 50 வயதிலேயே பென்சன் வாங்கலாம். 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருசத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. பெங்கனுக்கும் 4, நம்ம மில்காரருக்கும் 4! பஞ்சுத்தூசி நெஞ்சை அடைத்தபிறகு, முடியாமல் வாங்குகிற ஓய்வு அது. 58 வரை தாக்குப்பிடித்தவருக்கு 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்ச பென்சன் 1,000 ரூபாய். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளில் பி.எஃப். பிடிக்காத இடத்தில் அதுவும் கிடையாது. அங்கே சாகிற வரை வேலைதான்.

நாற்பத்தைந்தில் வேலையை விட நினைக்கும் தோழரை நாம் தடுக்கவில்லை. ராஜினாமா எழுதுமுன் ஒரு லீவுக்கு வந்து, ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, உண்மையான பெயர், உண்மையான சாதி சொல்லி நாலு தெருவில் வீடு கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று நமக்கு எழுதுங்கள், தெருப் பெயரோடு. அடுத்த இதழில் போடுகிறோம்.