300 என்ற எமன்

வேக வீரர்களைப் பலி வாங்கும் முழு எண் ஆசை

1967-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி. காலை நேரம்.

இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் கோனிஸ்டன் என்று ஓர் ஏரி இருக்கிறது. நீளமான ஏரி. அன்று தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது.

ஏரியில் ஒரு நீல நிறப் படகு நின்றது. துடுப்புப் போடும் படகு அல்ல. ஆகாய விமானத்தின் ஜெட் என்ஜினைப் பொருத்திய படகு! அதன் பெயர் "புளூபேர்டு". நீலப்பறவை என்று பொருள்.

படகில் தன்னந்தனியாக உட்கார்ந்து இருந்தவர் டொனால்டு காம்பெல். வயது 45.

படகு சீறிக்கொண்டு கிளம்பியது. ஏரியின் தென்பகுதியை நோக்கிப் பாய்ந்தது. எவ்வளவு வேகம்? மணிக்கு 297 மைல்!

அன்றைக்குத் தண்ணீர் மீது செல்லும் வேகத்தில் உலக சாதனை மணிக்கு 276 மைல். அதுவும் வேறு யாருடையதும் அல்ல. 1964-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் காம்பெல் செய்ததுதான்.

அப்படியானால் 297 மைல் வேகத்தில் போனதும் புதிய சாதனை ஆகிவிட்டதா? இல்லை. ஒரு விதி இருக்கிறது. போனால் மட்டும் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் அதே வழியில் திரும்பி வரவேண்டும். இரண்டு வேகத்தையும் கூட்டி, பாதி ஆக்கி, அதைத்தான் சாதனை என்று எழுதுவார்கள். காற்று முதுகில் தள்ளினால் வேகம் கூடும் அல்லவா? அந்தச் சலுகை யாருக்கும் கிடைக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி. நல்ல விதிதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் போட்டுவிடுவான்.

போகும்போது 297. திரும்பும்போது 260 மைல் வேகத்தில் வந்தால் என்ன ஆகும்? கூட்டினால் 557. அதில் பாதி 278-க்கு மேல். பழைய சாதனை 276. புதிய உலக சாதனை கையில்!

அதாவது, காம்பெல் திரும்பி வரும்போது வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து இருக்கலாம். அப்போதும் சாதனை அவருக்குத்தான். நேரமும் நிறைய இருந்தது. எரிபொருள் ஊற்றிக்கொள்ளலாம். முதல் ஓட்டத்தில் கிளம்பிய அலை அடங்கட்டும் என்று காத்து இருக்கலாம்.

அவர் காத்திருக்கவில்லை. படகைத் திருப்பினார். உடனே கிளம்பினார். வேகம் 300 மைலைத் தாண்டியது. படகின் மூக்கு மேலே எழும்பியது. குதிரை முன்னங்காலைத் தூக்குவது போல எழுந்து, ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடித்து, தண்ணீரில் மோதிச் சிதறியது.

எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிட்டது. அவர் கூடவே கொண்டுபோகும் கரடிப் பொம்மை மட்டும் தண்ணீரில் மிதந்தது. அவருடைய உடல் அப்போது கிடைக்கவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 2001-ம் ஆண்டில்தான் ஏரியின் அடியில் இருந்து எடுத்தார்கள். அதே ஊரில் அடக்கம் செய்தார்கள்.

விபத்துக்குக் காரணம் அலை என்கிறார்கள் சிலர். எரிபொருள் குறைந்து என்ஜின் தடுமாறியது என்கிறார்கள் சிலர். அந்த வாதம் என்ஜினீயர்களோடு இருக்கட்டும். 260 போதும் என்ற இடத்தில் 300-க்கு மேல் ஏன் போனார்? கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

அவருக்கு வேண்டியது சாதனை அல்ல. 300!

அப்பா தொட்ட எண்

டொனால்டின் தந்தை சர் மால்கம் காம்பெல். அவரும் வேக வீரர். அவருடைய கார்களுக்கும் "புளூபேர்டு" என்றுதான் பெயர்.

1935-ம் ஆண்டு மார்ச் மாதம் மால்கம் காம்பெல் காரில் மணிக்கு 276 மைல் வேகம் சென்று உலக சாதனை செய்தார். அவருக்குத் திருப்தி இல்லை. செப்டம்பர் 3-ந் தேதி அமெரிக்காவில் உள்ள பானவில் உப்பு வெளிக்குப் போனார். உப்பு உறைந்து சிமெண்டுத் தரை போலப் பரந்து கிடக்கும் இடம் அது. 50 வயது மனிதர், மறுபடியும் காரில் ஏறினார். முதல் ஓட்டத்தின் முடிவில் ஒரு டயர் வெடித்தது. சமாளித்து நிறுத்தி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

நடுவர்கள் கணக்குப் போட்டார்கள். 299 மைல் என்று சொன்னார்கள்!

தன்னுடைய சாதனையை 23 மைல் உயர்த்திய மனிதர் அவர். அவரைத் தூக்கிக்கொண்டு ஆடி இருக்கவேண்டாமா? அங்கே சாவு வீடு போல ஆகிவிட்டது. ஒரு மைல் குறைந்துவிட்டதே! பிறகு, கணக்கில் தவறு நடந்துவிட்டது, உண்மையான வேகம் 301 மைல் என்று நடுவர்களே வந்து சொன்னார்கள். முகங்கள் மலர்ந்தன. கார் அதேதான். மனிதர் அவரேதான். காகிதத்தில் இரண்டு எண் கூடியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மால்கம் தரையில் காரோட்டி சாதனை செய்யப் போகவில்லை. தண்ணீருக்குப் போனார். அங்கும் சாதனை செய்தார். 1948-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி நோயில்தான் இறந்தார். வேக வீரர்களில் அப்படி இறந்தவர்கள் பாக்கியசாலிகள்.

அப்பாவின் பழைய எண் 276. மகனின் பழைய எண்ணும் 276. அப்பா அங்கிருந்து 300-க்குத் தாவினார். மகன் எந்த எண்ணைக் கனவில் கண்டு இருப்பார் என்று சொல்லவேண்டியது இல்லை.

நூறுக்காக ஓர் உயிர்

டொனால்டு மட்டும்தானா? இல்லை.

சர் ஹென்றி சீகிரேவ் என்று ஒரு வீரர். காரில் மணிக்கு 200 மைல் வேகத்தை முதன்முதலில் தாண்டியவர். அது 1927-ம் ஆண்டில். 1930-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி அவர் வின்டர்மியர் ஏரியில் படகு ஓட்டினார். போய்த் திரும்பினார். சராசரி 98 மைல். புதிய உலக சாதனை! கரைக்கு வந்து காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் இருக்கலாம்.

98 என்பது 100 அல்லவே! மூன்றாவது முறையும் கிளம்பினார். படகு கவிழ்ந்தது. தண்ணீரில் மிதந்த ஒரு மரக்கட்டையில் மோதியது என்று சொல்கிறார்கள். உடன் சென்ற என்ஜினீயர் ஹாலிவெல் பலியானார். சீகிரேவைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். நினைவு திரும்பியதும், கூட வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். சிறிது நேரத்தில் அவரும் மாண்டார்.

அடுத்தவர் ஜான் காப். 1947-ம் ஆண்டில் காரில் 394 மைல் சாதனை செய்தவர். தண்ணீரில் 200 மைலைத் தாண்டவேண்டும் என்று 1952-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள நெஸ் ஏரியில் இறங்கினார். 206 மைல் வேகத்தில் போனார். போனவர் திரும்பவில்லை. அலையில் படகு சிக்கித் தூள் தூளாகிவிட்டது. திரும்பி வராததால் அவர் போன வேகம் சாதனைப் புத்தகத்திலும் ஏறவில்லை.

மைலா, கிலோமீட்டரா?

இந்த 100, 200, 300 எல்லாம் என்ன? கடவுள் போட்ட கோடா?

300 மைல் என்பது 483 கிலோமீட்டர். கிலோமீட்டரில் கணக்குப் பார்க்கும் பிரான்ஸ் நாட்டுக்காரரிடம் 483 என்று சொல்லிப் பாருங்கள். "அதில் என்ன விசேஷம்?" என்று கேட்பார். அவருக்கு 500 அல்லவா வேண்டும்!

1899-ம் ஆண்டில் காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர் மின்சாரக் காரில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். அதற்கு முன் காரில் யாரும் அந்த வேகத்தைத் தாண்டியது இல்லை. ஐரோப்பா முழுவதும் பேச்சு. ஆனால் அவர் போன வேகத்தை மைலில் சொன்னால் 65. இங்கிலாந்துக்காரர் கைதட்டுவாரா? அந்தக் காருக்கு வைத்த பெயர் வேடிக்கையானது. "ஒருபோதும் திருப்தி அடையாதவள்"! வேக வீரர்கள் எல்லோருடைய காருக்கும் அந்தப் பெயரை வைக்கலாம்.

இந்தியாவிலும் மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். அதனால் ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் மாறிவிடவில்லை. எண்தான் மாறியது. மாறக்கூடிய ஓர் எண்ணுக்காக மாறாத உயிரைக் கொடுப்பது என்ன நியாயம்?

எண்ணின் மீது ஆசை இல்லாவிட்டால் முன்னேற்றம் ஏது என்று சிலர் கேட்பார்கள். ரோஜர் பானிஸ்டரைச் சொல்வார்கள். அவர் 1954-ம் ஆண்டில் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடிக் காட்டியவர். சரிதான். ஆனால் பானிஸ்டர் தோற்று இருந்தால் மூச்சு வாங்கி இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுவாரம் ஓடி இருப்பார். காம்பெலுக்கு மறுவாரம் கிடையாது.

பழி யாருக்கு?

ஆனால் காம்பெலை மட்டும் குறை சொல்வது தர்மம் அல்ல.

அவர் கோனிஸ்டன் ஏரிக்கு வந்தது 1966-ம் ஆண்டு நவம்பரில். என்ஜினில் கோளாறு. பிறகு மழை. பிறகு காற்று. வாரங்கள் ஓடின. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. நிருபர்களும் காமிராக்காரர்களும் குளிரில் நின்று அலுத்தார்கள். "இன்னும் ஏன் ஓட்டவில்லை?" என்று கேட்டார்கள். பயந்துவிட்டாரோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. இத்தனைக்கும் அவர் 1960-ம் ஆண்டில் 300 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் காரோடு உருண்டு, மண்டை உடைந்து, பிழைத்து எழுந்து, மறுபடியும் ஓட்டியவர். 1964-ம் ஆண்டில் தரையிலும் தண்ணீரிலும் ஒரே வருடத்தில் உலக சாதனை செய்தவர். அந்தப் பெருமை இன்றுவரை வேறு யாருக்கும் இல்லை. அவரைப் பார்த்தா பயந்தாங்கொள்ளி என்பது?

பணக் கஷ்டம் வேறு. ராக்கெட் பொருத்திய கார் ஒன்று செய்ய நினைத்தார். அதற்குப் பணம் கொடுக்க ஆள் வேண்டும். ஆள் வரவேண்டுமானால் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் பெயர் வரவேண்டும். "சாதனை 278" என்றால் உள்பக்கத்தில் நாலு வரி. "300!" என்றால் முதல் பக்கம். இது காம்பெலுக்குத் தெரியாதா?

முதல் பக்கத்தைத் தயார் செய்பவர்களுக்கும், அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்களுக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டு.

யாரும் அவசரப்படுத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கென் வார்பி. தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மரத்தால் படகு செய்தவர். விமானப்படை கழித்துப் போட்ட ஜெட் என்ஜினை ஏலத்தில் எடுத்துப் பொருத்தினார். 1977-ம் ஆண்டில் 288 மைல் ஓட்டிச் சாதனை செய்தார். "300-க்கு இன்னும் 12 தானே" என்று உடனே பாய்ந்துவிடவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 1978-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி 317 மைல் ஓட்டினார். அந்தச் சாதனையை முறியடிக்கப் போன அமெரிக்கர்கள் இருவர் 1980-லும் 1989-லும் மாண்டார்கள். வார்பி 2023-ம் ஆண்டுவரை உயிரோடு இருந்தார்.

இன்னொரு சாட்சி, 1997-ம் ஆண்டு. அமெரிக்காவில் நெவாடா பாலைவனம். ஆண்டி கிரீன் என்ற இங்கிலாந்து விமானப்படை வீரர் காரில் ஒலியின் வேகத்தை மிஞ்ச முயன்றார். மைலில் சொன்னாலும் கிலோமீட்டரில் சொன்னாலும் ஒலி ஒலிதான். இது மனிதன் போட்ட கோடு அல்ல, இயற்கை போட்டது. அக்டோபர் 13-ந் தேதி போகும்போதும் ஒலியை மிஞ்சினார், திரும்பும்போதும் மிஞ்சினார். ஆனால் இரண்டு ஓட்டத்தையும் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறிது ஆகிவிட்டது. ஒரு நிமிடம்கூட இல்லை! சாதனை செல்லாது என்று ஆகிவிட்டது.

அவரும் அவருடைய ஆட்களும் அன்றே ஆத்திரப்பட்டு மறுபடி கிளம்பவில்லை. காரைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பழுது பார்த்தார்கள். ஒரு நாள் விட்டு, 15-ந் தேதி காலையில் மறுபடி வந்தார்கள். மணிக்கு 763 மைல். ஒலியைத் தாண்டியபோது கிளம்பிய இடி முழக்கம் பக்கத்து ஊர்வரை கேட்டது. கார் நின்றதும் ஆண்டி கிரீன் கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தார்.